சிமுலேஷன் கோணலாகப் போகும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வெப்பம் பரவுவதோ, நீர் ஓடுவதோ, விட்டம் வளைவதோ, எதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தாலும் ஒருநாள் விடை கோணலாக வரும். அப்போது பெரும்பாலோர் நேரப்படியை, அதாவது கணக்கு ஒரு தாவலில் கடக்கும் நேரத்தை, கொஞ்சம் குறைப்பார்கள்; மெஷ்ஷை, அதாவது பொருளைச் சின்னக் கட்டங்களாகப் பிரித்த வலையை, கொஞ்சம் நெருக்குவார்கள்; சமன்பாட்டைத் தீர்க்கும் நிரலான சால்வரை மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். ஏதோ ஒன்றில் படம் அழகாகிவிடும். ஏன் அழகானது என்று யாருக்கும் தெரியாது. நானும் பல வருடம் அப்படித்தான் வேலை செய்தேன்.

ஒவ்வோர் அறிகுறிக்கும் பின்னால் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. தாளில் பத்து நிமிடத்தில் போட்டுவிடலாம். எந்தத் திருகைத் திருப்ப வேண்டும், எவ்வளவு திருப்ப வேண்டும் என்று அது சொல்லிவிடும். நீங்கள் திருப்பப் போகிற திருகு நிலைமையை இன்னும் மோசமாக்கும் என்பதையும் சில சமயம் அதுவே சொல்லும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் கூடுதலாக இரண்டு முறை ஓட்டுங்கள். ஒன்றில் நேரப்படியை மட்டும் பாதியாக்குங்கள். இன்னொன்றில் கட்ட அகலத்தை மட்டும் பாதியாக்குங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றாதீர்கள். மையப்புள்ளியின் வெப்பநிலை போல ஏதாவது ஓர் எண்ணை எல்லா இலக்கங்களோடும் குறித்து வையுங்கள். வண்ணப்படத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். கீழே வரும் எல்லாவற்றுக்கும் இந்த எண்கள் தேவைப்படும்.

எண்கள் வெடிக்கின்றன

வெப்பநிலை 100, 140, மைனஸ் 300 என்று தாவி, கடைசியில் எண்ணுக்குப் பதிலாக ‘நேன்’ (NaN, ‘எண் அல்ல’) என்று வந்து நிற்கிறது. எந்தப் படியில் தொடங்கியது என்று பாருங்கள். முதல் படியிலேயே என்றால் பூஜ்யத்தால் வகுத்தல், மதிப்புக் கொடுக்காமல் விட்ட மாறி, எதிர்ம எண்ணுக்கு வர்க்கமூலம் என்று ஏதாவது இருக்கும். அது நிரல் பிழை, கணிதம் தேட வேண்டாம்.

நூறாவது, ஆயிரமாவது படியில் என்றால் வெடிப்பதற்குப் பத்து படி முன்னால் இருந்த விடையை வரைந்து பாருங்கள். புள்ளிக்குப் புள்ளி மேலும் கீழுமாக ரம்பப்பல் போல இருந்தால் குற்றவாளி நேரப்படிதான்.

ஏன் ரம்பப்பல்? 1 மீட்டர் நீள எஃகுக் கம்பியில் வெப்பம் பரவுவதை எளிய வெளிப்படை முறையில், அதாவது பழைய மதிப்புகளிலிருந்தே புதியதை நேராகப் பெறும் முறையில், கணக்கிடுகிறோம் என்று வையுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு புள்ளியின் புதிய வெப்பநிலை = பழையது + விரவல் எண் × (இடப்பக்கம் + வலப்பக்கம் − தன்னைப்போல் இருமடங்கு). விரவல் எண் என்பது வெப்ப விரவல் கெழு × நேரப்படி ÷ கட்ட அகலத்தின் வர்க்கம். இப்போது விடையில் +1, −1, +1, −1 என்று ஒரு சின்னப் பிழை கலந்திருக்கட்டும். +1 இருக்கும் புள்ளிக்கு இருபக்கமும் −1. அடைப்புக்குள் −1 −1 −2 = −4. ஆகவே அந்தப் பிழை ஒரு படியில் (1 − 4 × விரவல் எண்) மடங்காகிறது. விரவல் எண் 1/2-ஐத் தாண்டினால் இதன் அளவு 1-ஐத் தாண்டுகிறது. அப்புறம் ஒவ்வொரு படியிலும் குறி மாறி மாறி வளரும். அதுதான் நீங்கள் திரையில் பார்த்த தாவல்.

இந்தக் கணக்கை இன்னும் ஓர் அடி தள்ளினால் மறைந்திருக்கும் ஓர் ஆபத்தும் தெரியும். விரவல் எண் 0.6 என்றால் பிழை படிக்கு 1.4 மடங்காகும். இரட்டைத் துல்லியத்தில், அதாவது கணினி ஓர் எண்ணுக்குச் சுமார் பதினாறு இலக்கம் வைத்துக்கொள்ளும்போது, முழுதாக்கல் பிழை (மிச்ச இலக்கங்களை விடுவதால் வருவது) சுமார் 10⁻¹⁶. தொடக்க விடை வழவழப்பாக இருந்தால் அது 1 என்ற அளவுக்கு வளர ஏறக்குறைய 110 படி ஆகும். விரவல் எண் 0.51 என்றால் படிக்கு 1.04 மடங்குதான், 1-ஐத் தொட 940 படி ஆகும். 500 படி ஓட்டிப் பார்த்துவிட்டு ‘நன்றாகத்தான் ஓடுகிறது’ என்று ஒப்படைத்தால் ஒப்படைத்த இடத்தில் வெடிக்கும். ‘இவ்வளவு நேரம் ஓடியதே’ என்பது நிலைத்தன்மைக்குச் சாட்சி ஆகாது.

எஃகின் வெப்ப விரவல் கெழு வினாடிக்குச் சுமார் 0.000012 சதுர மீட்டர். கட்ட அகலம் 1 செ.மீ. என்றால் நேரப்படி 4.2 வினாடியைத் தாண்டக் கூடாது. அகலத்தை அரை செ.மீ. ஆக்கினால் 1.04 வினாடி. மேலே சொன்ன ‘கட்டத்தை மட்டும் பாதியாக்கும்’ ஓட்டம் வெடித்ததா? காரணம் இதுதான். கட்டத்தைப் பாதியாக்கினால் நேரப்படியைக் கால்வாசியாக்க வேண்டும். அதற்கு மனமில்லையென்றால் உள்ளார்ந்த முறைக்கு, அதாவது ஒவ்வொரு படியிலும் ஒரு சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கும் முறைக்கு, மாறிவிடுங்கள்.

பரவலுக்குப் பதிலாக ஓட்டம் என்றால் வரம்பு வேறு. வேகம் × நேரப்படி ÷ கட்ட அகலம், அதாவது கூரன்ட் எண், 1-ஐத் தாண்டக் கூடாது. ஒரு படியில் நீர் ஒரு கட்டத்துக்கு மேல் போகக் கூடாது என்றுதான் அதற்குப் பொருள். கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லூவி ஆகிய மூவர் 1928இல் எழுதிய கட்டுரையில் இது இருக்கிறது. மின்னணுக் கணினி வருவதற்கு முன்பே, விடை என்று ஒன்று இருக்கிறது என நிறுவும் முயற்சியில் கிடைத்த நிபந்தனை அது. இன்று வானிலைக் கணிப்பிலிருந்து விமான இறக்கை வரை அந்த எண்ணைப் பார்க்காமல் யாரும் நகர்வதில்லை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ‘100-ஐத் தாண்டினால் 100 ஆக்கு’ என்று ஒரு வரி சேர்த்து வெடிப்பை அடக்காதீர்கள். ரம்பப்பல் உள்ளேயே இருக்கும், ஆனால் அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் போய்விடும்.

வெடிக்கவில்லை, ஆனால் நடுங்குகிறது

விடை எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் கூர்மையான மாற்றம் உள்ள இடத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன அலைகள். செறிவு எதிர்மமாகக்கூடப் போகிறது. நேரத்தோடு இந்த அலைகள் வளரவில்லை என்றால் இது நிலைத்தன்மைக் கோளாறு அல்ல. எந்த முறை பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டு காரணங்கள் உண்டு.

கிராங்க்–நிக்கல்சன் முறையில் வெப்பச் சமன்பாட்டை ஓட்டுகிறீர்களா? 1947இல் வந்த அந்த முறை எந்த நேரப்படிக்கும் வெடிக்காது. ஆனால் ரம்பப்பல்லுக்கு அதன் பெருக்கக் காரணி (1 − 2 × விரவல் எண்) ÷ (1 + 2 × விரவல் எண்). விரவல் எண் 50 என்றால் −99/101, அதாவது −0.98. பிழை அழிகிறதுதான், ஆனால் படிக்கு இரண்டே சதவீதம், அதுவும் குறி மாறி மாறி. கம்பியின் ஒரு முனையைத் திடீரென்று 100 டிகிரிக்குக் கொண்டுபோனால் அந்தத் தாவலில் பிறக்கும் ரம்பப்பல் நூற்றுக்கணக்கான படிகளுக்கு நடுங்கிக்கொண்டே இருக்கும். அதே விரவல் எண்ணுக்கு மிக எளிய உள்ளார்ந்த முறையான உள்ளார்ந்த ஆய்லரின் காரணி 1/201. ஒரே படியில் ஆளே இல்லாமல் போய்விடும். ஆகவே முதல் இரண்டு மூன்று படிகளை மட்டும் உள்ளார்ந்த ஆய்லரில் ஓட்டிவிட்டுப் பிறகு கிராங்க்–நிக்கல்சனுக்கு மாறுங்கள். துல்லியம் கெடாது, நடுக்கம் போய்விடும். இவ்வளவு மலிவான வைத்தியம் இந்தத் துறையில் அரிது.

ஓட்டமும் பரவலும் சேர்ந்த சிக்கலில் மையவேறுபாட்டை, அதாவது இருபக்கப் புள்ளிகளின் வித்தியாசத்தை வைத்துச் சரிவு காணும் முறையை, பயன்படுத்துகிறீர்களா? வேகம் × கட்ட அகலம் ÷ விரவல் கெழு என்ன வருகிறது என்று பாருங்கள். இதைக் கட்டத்தின் பெக்லே எண் என்பார்கள். அது 2-ஐத் தாண்டினால் அலைகள் வரும். வேகம் வினாடிக்கு 0.5 மீட்டர், கட்டம் 100 மீட்டர், விரவல் கெழு வினாடிக்கு 5 சதுர மீட்டர் என்றால் பெக்லே எண் 10. கட்டத்தை 20 மீட்டருக்குக் கீழே கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் முறையை மாற்ற வேண்டும். இங்கே நேரப்படியை எத்தனை முறை பாதியாக்கினாலும் பயனில்லை.

கூர்மையான முகப்பையே நகர்த்த வேண்டியிருக்கிறது, நடுக்கமும் கூடாது, துல்லியமும் வேண்டும் என்றால் கோடுனோவ் 1959இல் நிறுவிய ஒரு தேற்றம் குறுக்கே நிற்கிறது. முதல் வரிசையை (கட்டம் பாதியானால் பிழையும் பாதியாகும் துல்லியத்தை) தாண்டிய எந்த நேரியல் முறையும் புதிய மேடுபள்ளங்களை உண்டாக்காமல் இருக்க முடியாது. தேடித் தேடி அப்படி ஒரு முறை கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம், அது இல்லை. விடையின் சரிவைப் பார்த்துத் தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும் நேரியலற்ற முறைகள், அதாவது லிமிட்டர் உள்ள முறைகள், பிறந்ததே இதனால்தான்.

கூர்மை மழுங்குகிறது

என்னை மிகவும் ஏமாற்றிய அறிகுறி இதுதான், ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

ஓர் ஆற்றில் ஓரிடத்தில் கொட்டிய கழிவு கீழ்நோக்கிப் போகப் போக எவ்வளவு அகலமாகப் பரவும் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். நீரோட்டம் வினாடிக்கு 0.5 மீட்டர், கட்டம் 100 மீட்டர், நேரப்படி 80 வினாடி. ஓட்டத்துக்கு அப்விண்ட் முறை. அதாவது ஒவ்வொரு கட்டமும் தனக்கு மேலே, நீர் வரும் பக்கம் இருக்கும் கட்டத்தை மட்டும் பார்க்கும். முறை நிலையானது, கூரன்ட் எண் 0.4. விடை வழவழவென்று வந்தது. கழிவு பரவியதும் நம்பும்படியாக இருந்தது. பிறகு ஏதோ ஒரு சோதனைக்காக விரவல் கெழுவைப் பூஜ்யமாக்கினேன். பரவல் அப்படியே இருந்தது.

பூஜ்ய விரவலில் எப்படிப் பரவும்? பதில் டெய்லர் தொடரில் இருக்கிறது. பக்கத்து இரண்டு கட்டங்களின் வித்தியாசத்தை அகலத்தால் வகுத்தால் கிடைப்பது சரியான சரிவு அல்ல. சரிவோடு, அரைக் கட்ட அகலம் × இரண்டாம் வகைக்கெழு என்ற ஓர் உறுப்பும் ஒட்டிக்கொண்டு வருகிறது. நேரப் பக்கத்திலும் அதேபோல் ஓர் உறுப்பு வரும், ஆனால் எதிர்க்குறியோடு. இரண்டையும் சேர்த்து எழுதினால், நம் நிரல் உண்மையில் தீர்ப்பது ஓட்டச் சமன்பாட்டை அல்ல, விரவலும் சேர்ந்த வேறொரு சமன்பாட்டை. அந்தப் பொய் விரவலின் கெழு:

வேகம் × கட்ட அகலம் ÷ 2 × (1 − கூரன்ட் எண்)

என் எண்களைப் போட்டால் 0.5 × 100 ÷ 2 × 0.6 = 15. வினாடிக்கு 15 சதுர மீட்டர். உண்மையான ஆறுகளில் நீளவாட்டுப் பரவல் கெழுவும் இந்த மாதிரி அளவில்தான் பல சமயம் இருக்கும். அதனால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை. 10 கிலோமீட்டர் போக 20,000 வினாடி ஆகும். அதற்குள் அந்தப் பொய் விரவல் மட்டுமே கழிவு மேகத்தின் திட்டவிலக்கத்தைச் சுமார் 775 மீட்டராக்கிவிடுகிறது. இதை அளவீட்டோடு பொருத்தி, ‘இந்த ஆற்றின் விரவல் கெழு இவ்வளவு’ என்று அறிக்கையில் எழுதியிருந்தால் நான் எழுதியது என் கட்ட அகலத்தைப் பற்றிய செய்தியாக இருந்திருக்கும்.

அந்தச் சூத்திரத்தை மறுபடி பாருங்கள். ‘துல்லியம் போதவில்லை, நேரப்படியைக் குறைப்போம்’ என்று 80 வினாடியை 8 ஆக்கினால் கூரன்ட் எண் 0.04 ஆகிறது. பொய் விரவல் 15-லிருந்து 24-க்கு ஏறுகிறது. பத்து மடங்கு கணினி நேரம் செலவழித்து மோசமான விடையை வாங்குகிறோம்! மாறாக நேரப்படியைக் கூட்டிக் கூரன்ட் எண்ணைச் சரியாக 1-க்குக் கொண்டுபோனால் பொய் விரவலே இல்லை. ஒரு படிக்கு ஒரு கட்டம் என்று விடை அப்படியே நகரும். உண்மை ஆற்றில் வேகம் இடத்துக்கு இடம் மாறுவதால் எல்லா இடத்திலும் 1 வைக்க முடியாது. ஆனால் திருகு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று இதுவே காட்டுகிறது.

ஆகவே மழுங்கல் தெரிந்தால் மூன்று வேலை. விரவல் கெழுவைப் பூஜ்யமாக்கி ஒருமுறை ஓட்டுங்கள். மேலே உள்ள சூத்திரத்தில் உங்கள் எண்களைப் போட்டு உண்மைக் கெழுவோடு ஒப்பிடுங்கள். பொய் பெரிதாக இருந்தால் வான் லியர் போன்ற லிமிட்டர் உள்ள இரண்டாம் வரிசை (கட்டம் பாதியானால் பிழை கால்வாசியாகும்) முறைக்கு மாறுங்கள். கட்டத்தைப் பாதியாக்கினாலும் பொய் பாதிதான் ஆகும். முறையை மாற்றுவது அதைவிட மலிவு.

முதல் சில படிகளில் மட்டும் பெரிய ஆட்டம்

தொடக்க நிபந்தனையைச் சந்தேகியுங்கள். வானிலையைக் கணக்குப் போட்டுக் கணிக்க முயன்ற ஆங்கிலேயர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் 1922இல் வெளியிட்ட நூலில், 1910 மே 20 அன்றைய ஐரோப்பிய வானிலைத் தரவை வைத்துக் கையாலேயே கணக்குப் போட்டிருந்தார். முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் பணியில் இருந்தபோது போட்ட கணக்கு. ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் ஏறும் என்று வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. சமன்பாடுகளில் தவறில்லை. அளந்த காற்றும் அளந்த அழுத்தமும் ஒன்றுக்கொன்று இசைவாக இல்லாததால் உண்மையில் இல்லாத வேகமான அலைகள் (புவியீர்ப்பால் காற்றில் எழுபவை) கணக்குக்குள் கிளம்பிவிட்டன. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அயர்லாந்து வானிலையாளர் பீட்டர் லிஞ்ச் அதே தரவிலிருந்து அந்த அலைகளை வடிகட்டிவிட்டு ஓட்டியபோது நம்பத்தக்க சிறிய மாற்றம் கிடைத்தது.

உங்கள் சிக்கலிலும் தொடக்க வேகம், அழுத்தம், எல்லை மதிப்பு மூன்றும் சமன்பாட்டோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். சுமையைத் திடீரென்று வைக்காமல் படிப்படியாக ஏற்றினாலே பாதிச் சிக்கல் தீரும்.

ஆற்றல் தானாக ஏறுகிறது

உராய்வில்லாத ஊசல், கோள், மூலக்கூறு, சுருள்வில் எதுவானாலும் வீச்சு மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகிறது. பழைய இடத்தையும் பழைய வேகத்தையும் மட்டும் வைத்துத் தாவும் வெளிப்படை ஆய்லர் முறை என்றால் இது கட்டாயம் நடக்கும். ஒவ்வொரு படியிலும் ஆற்றல் 1 + (கோண அதிர்வெண் × நேரப்படி)² மடங்காகிறது. கோண அதிர்வெண் × நேரப்படி 0.01 என்றாலும் 10,000 படியில் ஆற்றல் 2.7 மடங்கு. அதற்குள் ஊசல் பதினாறு முறைதான் ஆடியிருக்கும். படியைச் சிறிதாக்கினால் தள்ளிப்போகும், நிற்காது.

தீர்வு ஒரே ஒரு வரி மாற்றம். முதலில் வேகத்தைப் புதுப்பியுங்கள். அப்புறம் இடத்தைப் புதுப்பிக்கும்போது பழைய வேகத்தை விட்டுப் புதிய வேகத்தைப் பயன்படுத்துங்கள். ஆற்றல் கொஞ்சம் ஏறி இறங்கும், ஆனால் ஒரு பக்கமாக நகராது. மூலக்கூறு இயக்கக் கணக்குகளில் லூ வெர்லே 1967இல் பயன்படுத்திய முறையும் இந்தக் குடும்பம்தான். நான்காம் வரிசை ருங்கே–குட்டா குறுகிய ஓட்டத்துக்கு மிக நல்லது. ஆனால் கோடிக்கணக்கான படிகளுக்கு அதுவும் ஆற்றலை ஒரு பக்கமாகவே கசியவிடும்.

மெஷ்ஷை நெருக்கினாலும் விடை ஓரிடத்தில் நிற்கவில்லை

கட்ட அகலத்தை இரண்டு முறை பாதியாக்கி மூன்று விடை எடுங்கள். மையத்தில் 71.20, 72.80, 73.20 என்று வருகிறது என்றால் வித்தியாசங்கள் 1.60, 0.40. விகிதம் 4. இரண்டாம் வரிசை முறைக்கு இதுதான் வர வேண்டும். கடைசி வித்தியாசத்தில் மூன்றிலொரு பங்கைச் சேர்த்தால் எல்லை விடை ஏறத்தாழ 73.33 என்றும் கிடைக்கிறது. இந்த உபாயமும் அதே ரிச்சர்ட்சனுடையதுதான். விகிதம் 4 வர வேண்டிய இடத்தில் வேறு ஏதாவது வந்தால் அந்த எண்ணே நோயைச் சொல்லும்.

2 வருகிறது என்றால் எங்கோ ஒரு முதல் வரிசைத் துண்டு ஒளிந்திருக்கிறது. பத்தில் எட்டு முறை அது எல்லையில் இருக்கும். வெப்பம் போகாத முனையில் ‘கடைசிப் புள்ளி = அதற்கு முந்தைய புள்ளி’ என்று எழுதியிருப்பீர்கள். உள்ளே ஆயிரம் புள்ளிகளை இரண்டாம் வரிசையில் கவனமாகக் கணக்கிட்டும் அந்த ஒரு வரி எல்லாவற்றையும் கீழே இழுத்துவிடும். எல்லைக்கு வெளியே ஒரு கற்பனைப் புள்ளி வைத்து மையவேறுபாட்டால் எழுதுங்கள், 4 திரும்பி வரும். நேரப்படிப் பிழையும் இப்படி ஒளிந்துகொள்ளும். முன்பு செய்த ‘நேரப்படியை மட்டும் பாதியாக்கும்’ ஓட்டம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

விகிதம் 3.1, 0.8, 5.6 என்று ஒழுங்கே இல்லாமல் வருகிறது என்றால் உள்ளே இருந்து விடையைத் திரும்பத் திரும்பத் திருத்தும் மறுசெய்கை சால்வர் சீக்கிரம் நின்றுவிடுகிறது. 0.001 என்ற பொறுதியில் (ஏற்கும் பிழை வரம்பில்) நிறுத்திவிட்டு நான்காவது இலக்கத்தில் ஒழுங்கைத் தேடக் கூடாது. பொறுதியை நூறு மடங்கு இறுக்கிவிட்டு மறுபடி எடுங்கள்.

வித்தியாசம் குறையாமல் கூடிக்கொண்டே போனால்? கட்டமைப்புப் பொறியாளர்களுக்கு இது பழகிய தலைவலி. உள்நோக்கிய கூர்மூலையில் பொருளுக்குள் எழும் அழுத்தத்தைப் பார்க்கிறீர்கள், மெஷ்ஷைப் பாதியாக்கும்போதெல்லாம் அது ஏறத்தாழ 1.37 மடங்காகிறது. மெஷ்ஷிலும் நிரலிலும் பிழை இல்லை. 270 டிகிரி பொருள் சூழ்ந்த அந்த மூலையில் நெகிழ்வுச் சமன்பாட்டின் விடையே முடிவிலிக்குப் போகிறது. மூலையிலிருந்து உள்ள தூரம் பாதியானால் அழுத்தம் 1.37 மடங்கு என்பது தாளில் வரும் விடை, கணினி அதை நேர்மையாகத் திருப்பிச் சொல்கிறது. விரிசல் முனையில் இதே எண் 1.41. உண்மைப் பொருளில் அந்த மூலைக்கு ஒரு சிறு வளைவு இருக்கும். அந்த ஆரத்தை மாடலில் வையுங்கள், விடை நின்றுவிடும். ‘இந்த மெஷ்ஷில் 240 வருகிறது, அனுமதி 250, ஆகவே பாதுகாப்பானது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த 240 உங்கள் பொறுமை தீர்ந்த இடத்தில் கிடைத்த எண்.

படியைச் சிறிதாக்கச் சிறிதாக்க மோசமாகிறது

ஒரு சார்பின் வகைக்கெழுவை வித்தியாசத்தால் கணக்கிடும்போது துண்டிப்புப் பிழை (வித்தியாசத்தையே சரிவாக எடுப்பதால் வருவது) படியின் அளவோடு குறையும். முழுதாக்கல் பிழை படியின் அளவால் வகுபட்டு ஏறும். இரண்டும் சந்திக்கும் இடம், எளிய முன்னோக்கு வித்தியாசத்துக்கு, இரட்டைத் துல்லியத்தில் ஏறக்குறைய 10⁻⁸. இதற்குக் கீழே போனால் இலக்கங்களை இழக்கத்தான் செய்வோம். உகப்பாக்க நிரல்களில் ‘சரிவு சரியில்லை’ என்று வரும் புகாரில் யாரோ 10⁻¹² என்று வைத்திருப்பார்கள்.

கடிகாரத்தையும் பாருங்கள். ஒற்றைத் துல்லியத்தில் (சுமார் ஏழு இலக்கம்), நேரம் = நேரம் + 0.01 என்று கூட்டிக்கொண்டே போகிறீர்களா? நேரம் 131,072 வினாடியைத் தாண்டியதும் அந்த அளவில் அடுத்தடுத்த எண்களுக்கு இடையே உள்ள இடைவெளி 0.015625. ஆகவே 0.01 கூட்டினால் 0.0156 கூடும். 262,144-ஐத் தொட்டதும் இடைவெளி 0.03125 ஆகிவிடும். அப்புறம் 0.01 கூட்டினால் எதுவுமே கூடாது, கடிகாரம் நின்றுவிடும். மூன்று நாள் ஓட்டத்தில் இது நடக்கும். படி எண்ணை முழு எண்ணாக வைத்து, நேரம் = படி எண் × 0.01 என்று இரட்டைத் துல்லியத்தில் எழுதினால் தீர்ந்தது.

இது சின்ன விஷயமல்ல. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் ஒரு பேட்ரியட் ஏவுகணைத் தளம் வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 0.1 என்ற எண்ணை இருமத்தில் முடிவுறும்படி எழுத முடியாது. 24 பிட்டில் வெட்டியபோது ஒவ்வொரு பத்திலொரு வினாடிக்கும் 0.000000095 வினாடி விடுபட்டது. தளம் 100 மணி நேரம் அணைக்காமல் ஓடியிருந்தது. 36 லட்சம் துடிப்புகளில் அது 0.34 வினாடி ஆனது. அந்த நேரத்தில் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள்.

விடை அசையவில்லை, சால்வர் மட்டும் ஊர்ந்துகொண்டே இருக்கிறது

தானாகப் படியைத் தேர்ந்தெடுக்கும் சால்வர், விடை தட்டையாக இருக்கும் இடத்திலும் மிகச் சிறிய படியை எடுக்கிறது என்றால் சிக்கல் விறைப்பானது, அதாவது மிக வேகமான மாற்றமும் மெதுவான மாற்றமும் கலந்தது. ஒரு வினை வினாடிக்கு 1 என்ற வேகத்திலும் இன்னொன்று 1000 என்ற வேகத்திலும் தேய்கிறது என்று வையுங்கள். வேகமானது நூறில் ஒரு வினாடியில் செத்துப்போகும். ஆனாலும் வெளிப்படை ஆய்லர் கடைசிவரை 0.002-க்குக் கீழேயே படி எடுக்க வேண்டும், இல்லையென்றால் வெடிக்கும். வேதிவினை, மின்சுற்று, வெப்பம் எல்லாவற்றிலும் இது உண்டு. வேகமான கணினி வாங்க வேண்டாம். பின்னோக்கு வேறுபாட்டு முறை போன்ற உள்ளார்ந்த சால்வருக்கு மாறுங்கள், மணிக்கணக்கு வினாடிக்கணக்காகிவிடும்.

ஒவ்வொரு முறையும் வேறு விடை

அதே நிரல், அதே தரவு. நாலு கோரில் ஓட்டினால் ஒரு விடை, எட்டில் ஓட்டினால் வேறு. மதிப்புக் கொடுக்காத மாறி, இணை ஓட்டத்தில் ஒரே நினைவிடத்தில் ஒன்றையொன்று முந்தி எழுதுவது ஆகிய இரண்டையும் முதலில் விலக்குங்கள். அவை இல்லையென்றால் கூட்டும் வரிசை மாறுவதால் பதினாறாவது இலக்கம் மாறுகிறது, சிக்கல் அதைப் பெருக்குகிறது. வானிலையாளர் எட்வர்ட் லோரன்ஸ் 1961இல் தன் வானிலை மாடலை மறுபடி ஓட்ட 0.506127 என்பதற்குப் பதில் 0.506 என்று தட்டியபோது பார்த்தது இதையே. அவருடைய பிரபலமான மூன்று சமன்பாடுகளில் பிழை வளரும் வேகத்தைக் கொண்டு கணக்குப் போட்டால், 10⁻¹⁶ என்ற பிழை 1 ஆக ஏறக்குறைய 40 கால அலகுகள் போதும். உங்கள் இரண்டு ஓட்டங்களும் தொடக்கத்தில் ஒட்டியிருந்து, பிறகு வித்தியாசம் மடக்கை அளவில் நேர்கோடாக ஏறினால் அது ஒழுங்கின்மையின் (கேயாஸ்) இயல்பு. அங்கே ஒப்பிட வேண்டியது சராசரியும் பரவலும்தான். முதல் படியிலேயே மூன்றாவது இலக்கம் மாறினால் நிரலில் பிழை இருக்கிறது, லோரன்ஸைச் சாக்காகச் சொல்ல வேண்டாம்.

எந்த அறிகுறியும் இல்லை

வெடிக்கவில்லை, நடுங்கவில்லை, படமும் அழகாக இருக்கிறது. இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன்.

விடையை நீங்களே முதலில் தேர்ந்தெடுங்கள், உதாரணமாக ஒரு சைன் அலை. அதைச் சமன்பாட்டில் போட்டு, அது விடையாக வர என்ன மூலம் (வெளியிலிருந்து ஊட்டும் வெப்பம் போன்றது) தேவை என்று கணக்கிட்டு, அந்த மூலத்தை நிரலுக்குக் கொடுங்கள். இப்போது சரியான விடை உங்கள் கையில் இருக்கிறது, பிழை விகிதம் 4 வருகிறதா என்று பார்க்கலாம். சமன்பாட்டில் ஒரு குறி மாறியிருந்தால்கூட இது பிடித்துவிடும். மொத்த நிறையும் மொத்த வெப்பமும் உள்ளே வந்ததற்கும் வெளியே போனதற்கும் ஈடாகின்றனவா என்று கூட்டிப் பாருங்கள். கடைசியாக, முழு மாடலையும் மறந்துவிட்டு, அதில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக் கையால் கணக்குப் போடுங்கள். முப்பது சதவீதத்துக்குள் வந்தால் நிம்மதி. இரண்டு மடங்கு வித்தியாசம் என்றால் நிறுத்திவிட்டுத் தேடுங்கள்.

1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயின் ஸ்டவாங்கர் நகருக்குப் பக்கத்துக் கடற்கழியில் ஸ்லைப்னர் ஏ என்ற எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளத்தை நீர் நிரப்பித் தாழ்த்திக்கொண்டிருந்தார்கள். உள்ளறைகள் சந்திக்கும் இடத்தில் ஒரு சுவர் உடைந்து முழுக் கட்டமைப்பும் மூழ்கியது. யாரும் இறக்கவில்லை. இழப்பு சுமார் 70 கோடி டாலர். வடிவமைப்புக்குப் பயன்பட்ட வரம்புறு கூறு மாடல் (கட்டமைப்பைச் சின்னக் கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடுவது) எந்த எச்சரிக்கையும் தரவில்லை. அது கடைசிவரை ஓடி, எண்களைக் கொடுத்து முடிந்திருந்தது. ஆனால் அந்தச் சந்திப்பில் கூறுகள் பருமனாகவும் கோணலாகவும் இருந்ததால் வெட்டு அழுத்தம் 47 சதவீதம் குறைவாக வந்தது, அதை நம்பிச் சுவர் மெலிதாக அமைந்தது. விபத்துக்குப் பிறகு கவனமாகப் போட்ட கணக்கு, சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. அது உண்மையில் உடைந்தது 65 மீட்டரில்.